தேய்மானத்துக்கு என்ன விலை?

பழைய புத்தகங்களுக்கு விலை சொல்லத் தெரிந்தவன் என்று நண்பர்கள் நடுவே எனக்கு ஒரு பெயர் உண்டு. மூர் மார்க்கெட் எரிந்த 1985இல் நான் சிறுவன். அதன் பெருமைகளை என் ஆசிரியர்கள் சொல்லக் கேட்டதோடு சரி. என் படிப்பெல்லாம் லஸ் முனையின் நடைபாதையில்தான் நடந்தது. தலைப்புப் பக்கம் இருக்கிறதா, நடுவில் ஒரு ஃபாரம் விடுபட்டிருக்கிறதா, இராமபாணம் எதுவரை துளைத்திருக்கிறது, கட்டு பிரிந்து மறுகட்டு போட்டதா என்று பார்க்கக் கற்றது அங்கேதான். உ.வே.சா. பதிப்பித்த சிந்தாமணி 1887, சிலம்பு 1892 என்று ஆண்டு தெரிந்தவனுக்கு ஒரு விலை, தெரியாதவனுக்கு வேறொரு விலை. எங்கள் கல்லூரியில் ஓய்வுபெறும் பேராசிரியர்கள் தங்கள் அலமாரியைக் காலி செய்யுமுன் என்னைக் கூப்பிட்டுக் காட்டுவது வழக்கம். இந்தப் பெயர்தான் சென்ற ஆண்டு மார்கழியில் என்னை நான் சற்றும் அறியாத ஒரு சந்தைக்குள் இழுத்துக்கொண்டு போனது.

தங்கை மகன் அடையாற்றில் இருக்கிறான். பொறியியல் முடித்து வேலைக்குப் போய் ஓராண்டு. மாலை நேரங்களில் நண்பர்களோடு சேர்ந்து வாசிக்கிறான். கடனாக வாங்கிய கிடாரில் இரண்டு ஆண்டு ஓட்டிவிட்டான்.

"மாமா, சாந்தோம்ல ஒரு பழைய பேஸ் கிடார் இருக்கு. ஜப்பான்ல செஞ்சது. பார்க்கப் போறேன், நீங்களும் வரணும்."

"எனக்கும் கிடாருக்கும் என்னடா சம்பந்தம்?"

"கிடார் எனக்குத் தெரியும். பழசுக்கு விலை சொல்ல உங்களுக்குத்தானே தெரியும்."

தர்க்கம் சரியாகத்தான் இருந்தது. போவதற்கு முன் இரண்டு வாரம் அவகாசம் கேட்டேன். தெரியாத பொருளுக்கு விலை பேசப் போவது பதம் பிரிக்கத் தெரியாமல் உரை எழுதப் போவது போன்றது.

*

பேஸ் கிடாரைப் பற்றி அறியாத வாசகர்களுக்கு நாலு வார்த்தை. சாதாரணக் கிடாரின் ஆறு தந்திகளில் கீழ்ச்சுரத்தில் ஒலிக்கும் நான்கை மட்டும் எடுத்து, ஒரு ஸ்தாயி இறக்கி, தடித்த கம்பியாகப் போட்டால் பேஸ். இன்று நாம் காணும் வடிவத்தை நிலைநிறுத்தியவர் லியோ ஃபெண்டர் என்ற அமெரிக்கர், ஆண்டு 1951. அதற்கு முன் ஆளுயரத்துக்கு நிற்கும் டபுள் பேஸ்தான். அதில் ஃப்ரெட் கிடையாது, சுரத்தை விரலே தேடிப் பிடிக்க வேண்டும். ஃபெண்டர் ஃப்ரெட் பதித்துச் சுரத்தைத் துல்லியமாக்கினார். கருவிக்கும் 'பிரிசிஷன்' என்றே பெயர் வைத்தார்.

நம்மில் பெரும்பாலோர் இந்தக் கருவியின் பெயரை அறியாமலே அதைக் கேட்டு வளர்ந்தவர்கள். 1976இல் 'அன்னக்கிளி' வந்தது. அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகள் இளையராஜாவின் பாடல்களில் பேஸ் வெறுமனே தாளத்துக்குத் துணை போகவில்லை. பாடகர் ஒரு வழியில் போக, அடியில் அது தனக்கென்று ஒரு மெட்டைப் போட்டுக்கொண்டு போனது. தன்ராஜ் மாஸ்டரிடம் மயிலாப்பூர் சாய் லாட்ஜில் அவர் கற்ற மேற்கத்திய இசையின் எதிர்ப்பண் இலக்கணம் தேநீர்க் கடை ரேடியோவில் ஒலித்தது அந்த நான்கு தந்திகள் வழியாகத்தான் என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு. சசிதரன் என்ற பெயர் அந்த ரசிகர்களுக்கு நன்றாகத் தெரியும். அவரைத் தவிர இந்நகரத்தின் ஒலிப்பதிவுக் கூடங்களில் நாள் சம்பளத்துக்கு வாசித்த வேறு பலரின் பெயர் எந்த இசைத்தட்டு உறையிலும் அச்சாகவில்லை. தொண்ணூறுகளில் சின்தசைசரும் கணினியும் வந்தபோது முதலில் வேலை குறைந்தது இவர்களைப் போன்றவர்களுக்குத்தான். பேஸை இடதுகை விரல்களால் கீபோர்டிலேயே வாசித்துவிடலாம் என்றான பிறகு, ஒலிப்பதிவுக்குத் தனியாக ஓர் ஆள் எதற்கு? சாந்தோம் வீட்டில் இருந்தது அப்படி ஒருவரின் கருவி. அவர் இறந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.

*

இனி ஜப்பான். இதில் நான் எதிர்பாராத ஒரு மகிழ்ச்சி காத்திருந்தது. நாங்கள் பார்க்கப் போன கருவியின் பெயர் ஐபானெஸ். பெயர் ஸ்பானிஷ், பொருள் ஜப்பான். நகோயாவில் ஹோஷினோ என்று ஒரு புத்தகக் கடை. 1908இல் அதன் ஒரு பிரிவாக இசைக்கருவி வியாபாரம் தொடங்கியது. பின்னாளில் சல்வடோர் ஐபானெஸ் என்ற ஸ்பெயின் நாட்டுக் கைவினைஞரின் கிடார்களை இறக்குமதி செய்தார்கள். பிறகு அந்தப் பெயரையே தங்கள் கருவிகளுக்குச் சூட்டிக்கொண்டார்கள். புத்தகக் கடையிலிருந்து கிளைத்த கிடார் என்றதும் எனக்கு அதன் மீது பாதி உரிமை வந்துவிட்டது.

எழுபதுகளில் ஜப்பானியர்கள் அமெரிக்கக் கிடார்களை அச்சாக நகல் செய்தார்கள். முதலில் மலிவு நகல், பிறகு நல்ல நகல், கடைசியில் மூலத்தைவிட மேலான நகல் என்று சிலர் சொல்லும் அளவுக்கு. (நம் ஏடெழுதுவோர் வரலாற்றிலும் இதற்கு இணை உண்டு, மூலத்தைவிடத் திருத்தமான படிகள்.) கிப்சன் நிறுவனம் அப்போது நார்லின் என்ற குழுமத்தின் கையில் இருந்தது. அது 1977இல் ஐபானெஸின் அமெரிக்கக் கிளை மீது பிலடெல்ஃபியாவில் வழக்குத் தொடுத்தது. வழக்கின் மையம் கிடாரின் தலைப்பகுதி வடிவம். கிப்சனின் அந்த வடிவத்துக்குச் சந்தையில் வழங்கும் பெயர் 'திறந்த புத்தகம்'. விரித்து வைத்த நூலின் மேல் விளிம்பு போல் நடுவில் குழிந்து இருபுறமும் வளைந்திருக்கும். 1978இல் நீதிமன்றத்துக்கு வெளியே சமரசமானது. அதற்கு முன்பே ஐபானெஸ் தன் தலையை மாற்றிக்கொள்ளத் தொடங்கியிருந்தது. ஆனால் இன்றைக்கும் எழுபதுகளின் எந்த ஜப்பான் நகலைக் கண்டாலும் 'வழக்குக் காலத்துக் கருவி' என்று சொல்லி விலையை ஏற்றுவது விற்பவர்களின் வழக்கம். வழக்கு ஒரே ஒரு நிறுவனத்தின் மீது, ஒரு தலை வடிவத்துக்காக. அந்தப் புகழை ஒரு தலைமுறைக் கருவிகள் எல்லாம் பங்குபோட்டுக்கொள்கின்றன.

எனக்கு இன்னும் பிடித்த செய்தி வேறு. அக்காலத்து ஜப்பானியக் கருவிகள் பலவற்றின் மாதிரி எண்ணிலேயே விலை ஒளிந்திருக்கும். கிரேகோ ஈஜி-500 என்றால் பட்டியல் விலை ஐம்பதாயிரம் யென். டோக்காய் எல்எஸ்-80 என்றால் எண்பதாயிரம். 1982இல் தொடங்கிய ஃபெண்டர் ஜப்பானும் இதே வழியில் ஜேபி62-115 என்று பெயரிட்டது. 1962ஆம் ஆண்டு ஜாஸ் பேஸ் அமைப்பு, ஒரு லட்சத்துப் பதினைந்தாயிரம் யென். விலையைப் பெயராகச் சுமந்த பொருள்கள்! நம் ஊரில் முதலில் கிழித்தெறியப்படுவது விலைச் சீட்டுதான். ஆனால் இந்த எண்ணும் பிறந்த அன்றைய விலையைத்தான் சொல்லும். 1985இன் பிளாசா ஒப்பந்தத்துக்குப் பிறகு யென்னின் மதிப்பு வேகமாக ஏறியதும், ஜப்பானில் செய்து அமெரிக்காவில் விற்பது கட்டுப்படியாகாமல் போனது. மலிவு வகைகள் ஒவ்வொன்றாகக் கொரியாவுக்குப் போயின. அதனால்தான் 'ஜப்பானில் செய்தது' என்ற சொற்களுக்கு, அதிலும் எண்பதுகளின் முற்பாதிக்கு, இவ்வளவு மவுசு.

*

சாந்தோம் தேவாலயத்துக்குப் பின்னால் கடல் பக்கமாகப் போகும் ஒரு சந்தில் வீடு. மாடிப்படி ஏறும்போதே உப்புக் காற்று. மருமகன் என்னிடம் மெதுவாக, "பிரிட்ஜ் துருப்பிடிச்சிருக்கும்" என்றான். பொருளைப் பார்க்குமுன் ஊரைப் பார்த்து விலையைக் குறைக்கத் தெரிந்திருந்தது அவனுக்கு.

அந்த அம்மாவுக்கு எழுபது வயதைத் தாண்டியிருக்கும். கோயம்புத்தூரில் மகள் வீட்டுக்கே போய்விடப் போகிறார். கட்டடத்தை இடித்துக் கட்டப் போகிறார்களாம். பாதிச் சாமான்கள் ஏற்கெனவே மூட்டை கட்டப்பட்டிருந்தன. ஆர்மோனியத்தை வாங்கிப் போன ஒருவர் இந்தக் கிடாருக்கு ஆறாயிரம் தருவதாகச் சொன்னாராம். பெங்களூரில் இருக்கும் உறவுக்காரப் பையனோ, "ஆன்ட்டி, அது வின்டேஜ், வழக்குக் காலத்துக் கருவி, ரெண்டு லட்சத்துக்குக் குறைஞ்சு பேசாதீங்க" என்று சொல்லியிருந்தான். ஆறாயிரத்துக்கும் இரண்டு லட்சத்துக்கும் நடுவில் அந்தக் கறுப்புப் பெட்டி கட்டில் மேல் கிடந்தது.

"1985ல சிங்கப்பூர் கச்சேரிக்குப் போனப்ப வாங்கினார் தம்பி. கையில இருந்தது பத்தலைன்னு என் ரெண்டு வளையலை வித்தோம். ரெண்டு பவுன்."

இங்கேதான் சிக்கலின் முதல் முடிச்சு. நம் வீடுகளில் எந்தப் பழைய விலையும் பவுனில்தான் நினைவிருக்கிறது. அந்த இரண்டு பவுன் இன்றைய விலையில் லட்சத்தைத் தாண்டிவிடும். கிடார் அப்படி ஏறவில்லை, ஏறவும் செய்யாது. அது உருக்கி எடுக்கக்கூடிய பொருள் அன்று. அவர் நாற்பது ஆண்டுகளுக்கு முன் கழற்றிக் கொடுத்த வளையலை இந்தக் கிடாரின் விலையால் மீட்க முடியாது என்பதை அவரிடம் யார் சொல்வது? (அவருக்கே தெரிந்திருந்தது என்பது பிறகு புரிந்தது.)

பெட்டியைத் திறந்தோம். தலையில் 'ரோட்ஸ்டார் II' என்று எழுத்து. உடலின் பின்புறம் கழுத்து சேரும் இடத்தில் நான்கு திருகாணிகள் இறக்கிய இரும்புத் தகடு. அதில் வரிசை எண், 'எஃப்84' என்று தொடங்கியது. அக்கால ஐபானெஸில் முதல் எழுத்து மாதம், அடுத்த இரண்டு இலக்கம் ஆண்டு. ஏ என்றால் சனவரி, ஆகவே எஃப் என்றால் ஜூன். 1984 ஜூன். நூலின் பதிப்புப் பக்கத்தை வாசித்த நிறைவு எனக்கு. ஆக, இது வழக்குக்கு ஆறேழு ஆண்டு பிந்தியது, நகலும் அன்று. ஐபானெஸின் சொந்த அமைப்பு. பெங்களூர் உறவினரின் இரண்டு லட்சம் அந்த இடத்திலேயே கரைந்தது.

மருமகன் பார்த்த முறையை நான் பாடம் கேட்பது போல் கவனித்தேன். முதலில் பிரிட்ஜ் பக்கமிருந்து தலையை நோக்கி ஒற்றைக் கண்ணால் கழுத்தைப் பார்த்தான். தச்சர் பலகையின் ஓரம் பார்ப்பது போல. கழுத்து முன்னோ பின்னோ வளைந்திருந்தால் உள்ளே ஓடும் ட்ரஸ் ராட் என்ற இரும்புக் கம்பியை முடுக்கிச் சரிசெய்யலாம். முறுக்கிக்கொண்டிருந்தால் அநேகமாக அவ்வளவுதான், அப்புறம் காயலான் கடை. பிறகு ஒரு தந்தியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் சேர்த்து அழுத்தி, நடுவில் ஏழாவது எட்டாவது ஃப்ரெட் அருகே எவ்வளவு இடைவெளி என்று பார்த்தான். ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவே இருந்தது. நாற்பது ஆண்டு கடற்காற்றுக்கு இது ஆச்சரியம். "வேலை முடிஞ்சு வந்ததும் கம்பியைத் தளர்த்திட்டுத்தான் சாப்பிட உக்காருவார்" என்றார் அந்த அம்மா.

முதல் ஐந்து ஃப்ரெட்டுகளில் தந்தி பட்டுப் பட்டுக் குழி விழுந்திருந்தது. பிரிட்ஜில் துரு. தந்தி முடுக்கும் நான்கு காதுகளில் ஒன்று வேறு கருவியிலிருந்து எடுத்துப் பொருத்தியது. சிறிய ஆம்ப்ளிஃபயர் ஒன்றைக் கொண்டு போயிருந்தோம்; வால்யூம் குமிழைத் திருப்பினால் வறுகடலை கொறிப்பது போல் ஒலி. அதெல்லாம் ரிச்சி தெருவில் சில நூறு ரூபாயில் தீரும் என்றான்.

கழுத்தைக் கழற்றிப் பார்க்கலாமா என்று அவன் கேட்டபோது அந்த அம்மா சற்றுத் தயங்கினார். உள்ளே தேதி முத்திரை இருக்கலாம், கழுத்தும் உடலும் ஒரே கருவியின் பாகங்கள்தானா என்று தெரியும் என்று விளக்கியதும், சரி என்றார். எனக்குச் சிலம்பு நினைவுக்கு வந்ததைத் தவிர்க்க முடியவில்லை. தமிழின் மிகப் பெரிய பழம்பொருள் விற்பனை அதுதானே? கோவலன் விற்கப் போனது பயன்படுத்திய ஒற்றைச் சிலம்பு. பொற்கொல்லன் அதைப் பார்த்துவிட்டுப் புகழ்ந்தான்; விலை மட்டும் சொல்லவில்லை. மிகையாகப் புகழ்ந்துவிட்டு விலை சொல்லாமல் போகிறவனிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்பது என் நடைபாதை அனுபவமும்கூட. கடைசியில் உள்ளே இருப்பது முத்தா மாணிக்கமா என்று உடைத்துப் பார்த்தால்தான் உண்மை வெளிவருகிறது. மதுரையில் அந்தச் சோதனையை ஒரு நாள் முன்னதாகச் செய்திருந்தால் நமக்குக் காப்பியம் இல்லை.

நான்கு திருகாணிகளைக் கழற்றினோம். கழுத்தின் அடியில் மங்கலான முத்திரை, ஆண்டு பொருந்தியது. கழுத்து உட்காரும் குழிக்குள் ஓர் அட்டைத் துண்டு. கழுத்தின் சாய்வைச் சரிசெய்ய இப்படி எதையாவது அடைகொடுப்பது வாத்தியக்காரர்களின் பழைய வழக்கம், குறை அன்று. அந்த அட்டை சிகரெட் பெட்டியிலிருந்து வெட்டியது. அந்த அம்மா வாங்கிப் பார்த்தார்.

"82லயே சிகரெட்டை விட்டுட்டேன்னு பைபிள் மேல கை வச்சுச் சொன்ன மனுஷன்" என்றார். சிறிது நேரம் கழித்துத்தான் சிரித்தார். அட்டையைத் திரும்பக் கொடுக்கவில்லை.

*

விலைக்கு வருவோம். ஜப்பானில் இந்த வகை ரோட்ஸ்டார், நல்ல நிலையில், முப்பதாயிரத்திலிருந்து ஐம்பதாயிரம் யென் வரை விற்றதை முன்பே பார்த்து வைத்திருந்தோம். யென்னுக்கு அறுபது காசு என்று வைத்தால் பதினெட்டாயிரம் முதல் முப்பதாயிரம் ரூபாய். அனுப்பும் கூலி, சுங்கம் எல்லாம் சேர்த்து இங்கே வந்து இறங்கும்போது முப்பது, நாற்பது ஆகிவிடும். ஆக, இந்த ஊரில், எல்லாம் சரியாக உள்ள ஒரு கருவிக்கு முப்பத்தாறாயிரம் என்பது எங்கள் கணக்கு. அதிலிருந்து பழுதுச் செலவைக் கழிக்க வேண்டும். ஃப்ரெட்டைச் சமன் செய்ய நாலாயிரம், புதுத் தந்திகளுக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு, காது, குமிழ், துரு எல்லாவற்றுக்கும் ஆயிரத்து ஐந்நூறு. இருபத்தெட்டாயிரம் நின்றது.

அந்த அம்மா தேநீர் போட உள்ளே போனார். போகும்போது சொன்ன சொல்தான் எல்லாவற்றையும் சிக்கலாக்கியது: "நீங்களே பார்த்து ஒரு விலை சொல்லுங்க தம்பி. வாத்தியார்னு சொன்னீங்க."

மருமகன் என் காதருகே குனிந்தான். "மாமா, பதினஞ்சு சொன்னாக் குடுத்துடுவாங்க. அவங்களுக்கு வந்தது ஆறுதானே. அவங்களுக்கும் சந்தோஷம், எனக்கும் சந்தோஷம். ரெண்டு பேருக்கும் சந்தோஷம்னா அதுதானே நியாய விலை?"

நல்ல கேள்வி. பொருளியல் பாடத்தில் இதற்கு முழு மதிப்பெண் கொடுப்பார்கள். விரும்பி விற்பவரும் விரும்பி வாங்குபவரும் ஒத்துக்கொண்டால் அதுவே விலை. ஆனால் அதற்கு ஒரு முன்நிபந்தனை உண்டு. இருவர் முன்னாலும் ஒரே தாள் விரிந்திருக்க வேண்டும். இங்கே யென் விலை தெரிந்தவன் ஒருவன். தெரியாதவர் தேநீர் போட்டுக்கொண்டிருக்கிறார். அவருடைய மகிழ்ச்சி ஆறாயிரம் என்ற எண்ணோடு ஒப்பிட்டு வருவது. அந்த எண்ணைச் சொன்னவர் யாரோ, அவர் சொன்ன அடிமாட்டு விலையின் நிழலில் நாங்கள் குளிர்காய்வதா?

"லஸ்ல நீங்க மட்டும்?" என்றான் பையன்.

அது வேறு என்றேன். நடைபாதைக்காரர் எடைக்கு வாங்கி, பார்த்த மாத்திரத்தில் மனத்தில் ஒரு லாபம் வைத்து விற்பவர். அவருக்கு அது சரக்கு. நூறில் ஒன்றில் இழந்தால் மற்றதில் எடுக்கிறார். விலை சொல்வதும் அவர்தான், நான் அல்லன். இந்த அம்மாவுக்கு விற்க இருப்பது ஒன்றே ஒன்று. அதோடு விலை சொல்லும் பொறுப்பையும் என்னிடம் ஒப்படைத்துவிட்டார். பேரம் பேசுகிறவன் எதிராளி. விலை சொல்லக் கேட்கப்பட்டவன் நடுவன். இரண்டு நாற்காலியிலும் ஒருவன் உட்கார முடியாது. பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைச் சொல்லும்போது, வாங்கும்போது அதிகம் கொள்வதையும் விற்கும்போது குறைத்துக் கொடுப்பதையும் ஒரே தட்டில் வைத்து விலக்குகிறது. இரண்டாவதை நாம் அடிக்கடி மேற்கோள் காட்டுகிறோம், கலப்படக் கடைக்காரரைத் திட்டுவதற்கு. முதலாவது வாங்குகிறவனுக்குச் சொன்னது. அது யார் நினைவிலும் நிற்பதில்லை.

பையன் முழுதாக ஒப்பவில்லை. "அப்ப அவங்ககிட்டயே எல்லாத்தையும் காட்டிடலாம்" என்றான், கொஞ்சம் கோபமாக. அதையே செய்தோம்.

கைபேசியில் ஜப்பான் விலைகளைக் காட்டினேன். யென்னை ரூபாயாக்கிக் காட்டினேன். உறவினர் சொன்ன வழக்குக் கதை இதற்கு ஏன் பொருந்தாது என்று சொன்னேன். தாளில் கூட்டல் கழித்தல் எழுதி இருபத்தெட்டாயிரம் என்று கோடு போட்டேன். இன்னும் இருவரிடம் கேட்டுவிட்டு ஒரு வாரம் கழித்துச் சொன்னாலும் சரி என்றேன். பையன் என்னைப் பார்த்த பார்வையைச் சொல்ல வேண்டியதில்லை.

அவர் தாளை வாங்கி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, வரி வரியாகப் படித்தார். யென் கணக்கில் அவருக்கு ஆட்சேபம் இல்லை. தந்திக்குக் கழித்ததிலும் இல்லை. "அது நான் மாத்தாம விட்டது" என்றார். விரல் நாலாயிரத்தில் நின்றது.

"இது எதுக்குத் தம்பி?"

ஃப்ரெட் தேய்மானம் என்றேன். குழிகளைக் காட்டினேன்.

"அது அவர் வாசிச்சதுங்க. வாசிச்சதுக்கு எப்படிக் குறைப்பீங்க?"

பொருநராற்றுப்படையில் யாழை உறுப்பு உறுப்பாக வருணிக்கும் பகுதியை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிறேன். பத்தர், போர்வை, ஆணி, கோடு, நரம்பு என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போகும் அந்தப் பார்வை கருவியை வாங்கப் போகிறவன் பார்வையா, வாசித்தவன் பார்வையா என்று ஒருபோதும் யோசித்ததில்லை. சந்தையின் தாளில் ஃப்ரெட் குழி ஒரு குறை. அந்த அம்மாவின் கணக்கில் அது பதினைந்து ஆண்டுச் சம்பளம், பள்ளிக் கட்டணம், மகளின் திருமணம். அலமாரியிலேயே தூங்கிய கிடாருக்கு அதிக விலை, உழைத்த கிடாருக்குக் குறைந்த விலை என்பது பழம்பொருள் சந்தையின் நீதி. புத்தகத்திலும் அப்படித்தான். அடிக்கோடு போட்டுப் படித்த பிரதியைவிடப் பக்கம் பிரிக்காத பிரதிக்குத்தான் விலை. அடிக்குறிப்பு எழுதியவர் பெரிய மனிதராக இருந்தால் மட்டும் கணக்குத் தலைகீழாகும். இந்தக் கருவியை வாசித்தவருக்குப் பெயர் இல்லை. அவர் வாசித்த பாடல்களுக்கு இருக்கிறது; எவை எவை என்று அந்த அம்மாவாலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. "ரேடியோவில வந்தா, இது நான்தான்னு சொல்வார். ஒரு நாளைக்கு ஒண்ணு சொல்வார். எது நிஜமோ."

பழுது பார்க்கும் செலவு உண்மைதான், நாங்கள் இட்டுக்கட்டவில்லை என்று நான் சொல்ல வாயெடுப்பதற்குள் பையன் கிடாரைக் கையில் எடுத்து அந்த ஐந்து ஃப்ரெட்டுகளிலும் மெதுவாக ஏறி இறங்கி வாசித்தான். மூன்றாவதில் மட்டும் லேசாக இரைந்தது. மறுபடி வாசித்தான்.

"மாமா, இதை இப்ப சமன் பண்ண வேண்டாம். ரெண்டு வருஷம் தாங்கும். செய்யாத வேலைக்கு எதுக்குக் கழிக்கணும்?" என்றான்.

தாளில் நாலாயிரத்தை அடித்தேன். முப்பத்திரண்டாயிரம். அவனிடம் இருந்தது முப்பது. மீதி இரண்டு என் பையிலிருந்து போனது, கடனாக. அந்த அம்மா பணத்தை இரண்டு முறை எண்ணினார். பெட்டிக்குள் இருந்த தோல் பட்டையைத் தான் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். அது விலையில் சேராதது என்றோம். கழற்றிய பழைய தந்திகளைச் சுருட்டிக் குப்பையில் போடப் போனவனை நிறுத்தி, கொடிக்கயிறு கட்ட உதவும் என்று அவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டார்.

சிகரெட் அட்டை போன இடத்தில் இப்போது என் விசிட்டிங் கார்டில் பாதி இருக்கிறது. ஆம்ப்ளிஃபயர் ஒன்று வாங்க வேண்டும், பழையதாகவே பார்க்கலாம், தி.நகரில் ஒருவர் வைத்திருக்கிறார் என்று போன வாரம் பையன் தொலைபேசியில் கூப்பிட்டான். முதலில் அந்த இரண்டாயிரத்தைக் கொண்டு வா என்று சொல்லியிருக்கிறேன்.